ஈரம் காயாத மதியம்

புதிதாக வந்திருக்கும் டாக்டர்களே, உங்களில் மூன்று பேர் தனித்தனியாகப் போன் செய்து ஒரே பொருளைக் கேட்டுவிட்டீர்கள். "மேடம், உங்க வெயில்கால சார்ட் ஒண்ணு கிடைக்குமா?" இல்லை என்றேன். கிழவி தொழில் ரகசியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள் என்று ஒருவராவது நினைத்திருப்பீர்கள். பெட்டியும் இல்லை, பூட்டும் இல்லை. அந்த சார்ட்டை நானே பண்ணை பண்ணையாகப் போய்க் கழற்றி எடுத்துவந்து கிழித்துப் போட்டேன். ஏன் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருகிறதா பார்க்கிறேன்.

நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்க நான் வந்த காலத்தில், காரிலிருந்து இறங்கினால் பண்ணைக்காரர்கள் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள், டாக்டர் எங்கே என்று. நான்தான் டாக்டர் என்று அவர்கள் நம்பப் பத்து வருடம் பிடித்தது. நம்பிய பிறகு நான் சும்மா இருப்பேனா? வெயில் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, லேமினேட் செய்து, ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் மாட்டவைத்தேன். கோழி வாயைத் திறந்து மூச்சு இளைத்தால் தீவனத்தை நிறுத்து. பக்கவாட்டில் கட்டிய சாக்குப் படுதாவை நனை. ஃபாகரை ஓட்டு. கொட்டகைக்குள் புகை மாதிரித் தண்ணீரைத் தூவும் அந்தக் குழாயைத்தான் ஃபாகர் என்கிறோம்.

சார்ட் நன்றாகவே வேலை செய்தது, பொய் சொல்லக்கூடாது. நம் ஊர் வெயில் வறண்ட வெயில். தூவிய தண்ணீர் காற்றில் கலந்து காணாமல் போகும், போகிற போக்கில் சூட்டையும் கொண்டுபோகும். நனைத்த சாக்கு அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும், மறுபடி நனைப்போம். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்து, தொண்டை ஈரத்தை வெளியே விட்டுத்தான் அது உடம்பைக் குளிர்த்துக்கொள்ள வேண்டும். காற்று வறண்டிருந்தால்தான் அந்த ஈரம் வெளியே போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். சார்ட்டில் மட்டும் எழுதவில்லை. இங்கே காற்று வறண்டுதானே இருக்கும், அதை வேறு எழுத வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

முதல் எச்சரிக்கை வேறு ரூபத்தில் வந்தது. படுதா கட்டுவதற்கு நம் பண்ணைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அக்னி நட்சத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கட்டுவார்கள். ஒரு வருடம் மாசி முடியும் முன்பே வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பெரிய பண்ணையில் கோழி சாகிறது, படுதா மட்டும் குடோனில் சுருட்டியபடி கிடக்கிறது. "இன்னும் நாள் வரலீங்களே டாக்டரம்மா" என்றார் உரிமையாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப பஞ்சாங்கத்தைக் கொண்டுபோய்க் கோழிக்குப் படிச்சுக் காட்டுங்க" என்று கத்திவிட்டு வந்தேன். வந்து, சார்ட்டில் படுதா கட்டும் தேதியை மட்டும் முன்னால் தள்ளிப் புதிதாக அச்சடித்தேன். காலம் மாறுகிறது, நானும் கூடவே மாறிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. என் சார்ட்டும் ஒரு பஞ்சாங்கம்தான் என்று யாராவது அன்றைக்கு என்னிடம் கத்தியிருக்கலாம்.

மாறுவது கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. நான் வந்த புதிதில் மயில் பார்க்க வேண்டுமென்றால் மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். இன்றைக்குத் தீவனக் குடோன் ஓட்டின் மேல் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறது. காரணம் பல சொல்கிறார்கள். ஏரி நிரம்புவதும் வற்றுவதும் முறை தவறிவிட்டது. கோடை மழை பெய்தால் முன்பெல்லாம் மூன்று நாள் நிம்மதியாகத் தூங்குவோம். இப்போது மறுநாள் பத்து மணிக்கே வெயில் பழையபடி நிற்கிறது, நேற்றைய ஈரத்தையும் தூக்கி வைத்துக்கொண்டு. வெளிநாட்டில் மாட்டுப் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தி, குளிர் நாட்டில் மாட்டுக்கு மின்விசிறி வைக்கச் சொல்லும் காலம் வந்துவிட்டதே என்று எழுதியிருந்தாள். படித்துச் சிரித்தேன். அவள் ஊர் கதை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி குழந்தைவேலுவின் பண்ணைக்கு வருகிறேன். பரமத்தி வேலூர் போகும் வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் கோழி. குழந்தைவேலு பதினைந்து வருடம் லாரி ஓட்டியவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே போய்விட்டு, வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோன மனுஷன். இருந்ததையெல்லாம் போட்டு இந்தக் கொட்டகைகளைக் கட்டினார். கோழி இறக்கிய அன்று என்னிடம் சொன்னார்: "இது நின்னுச்சுன்னா ஊட்டோட இருந்துக்குவனுங்க டாக்டரம்மா. நிக்கலைன்னா மறுபடியும் ஸ்டியரிங்கைப் புடிக்க வேண்டியதுதானுங்க. எம்புள்ளைக்கு நான் யாருன்னே தெரியாமப் போயிருமுங்க." நான் சொல்வதை எழுத்துப் பிசகாமல் செய்வார். சார்ட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

அங்கே வேலை செய்தவர்களில் ஒரு பெண்மணி. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். சொந்த ஊர் வெண்ணந்தூர், அதனால் பண்ணை முழுக்க அவருக்கு வெண்ணந்தூரக்கா என்றே பெயர். சொந்தப் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க, ஊர்ல சிரிப்பாங்க" என்றார். விட்டுவிட்டேன். பண்ணைக்கு வருமுன் தறிவேலை செய்தவர். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முட்டை எடுக்கும் வண்டியைத் தள்ளியபடி, கூண்டு கூண்டாகக் கோழிகளோடு பேசிக்கொண்டு போவார். "குடி சாமி, தண்ணி குடி." நான் அந்தப் பண்ணைக்கு இரண்டு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். அவரோடு பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும், அதில் பாதி "கொஞ்சம் தள்ளுங்க."

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை. மே மாதம். இரண்டு நாள் சாயங்காலம் தொடர்ந்து மழை பெய்திருந்தது. மூன்றாம் நாள் காலை நாமக்கல்லில் ஒரு ஹோட்டல் ஹாலில் பண்ணைக்காரர்களுக்கு நான் பேச வேண்டியிருந்தது. தலைப்பைக் கேளுங்கள்: கோடையில் கோழிப் பராமரிப்பு. ஏ.சி. நான் போர்வை கேட்கும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஹாலுக்குக் காரில் போன வழியில் ஒரு சின்னப் பாலத்தின் நிழலில் இரண்டு மயில்கள் அலகைத் திறந்துகொண்டு நின்றன. கார் பக்கத்தில் போயும் நகரவில்லை. காலை ஒன்பது மணி. பார்த்தேன், பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். போனில் பார்த்தால் வெயில் முந்தின வாரத்தைவிட மூன்று டிகிரி குறைவு. இன்றைக்குப் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பதினொன்றரைக்குக் குழந்தைவேலு போன் செய்தார். ஹாலுக்கு வெளியே வந்து எடுத்தேன். வெளியே என்றால் தாழ்வாரம், அதுவும் ஏ.சி.

"ஏனுங்க டாக்டரம்மா, கோழியெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க. றெக்கையைத் தொங்கப் போட்டுருச்சுங்க. என்னங்க பண்றது?"

"சார்ட்ல இருக்கறதுதான் குழந்தைவேலு. ஃபாகரை ஓட்டுங்க, படுதாவை நனைங்க."

"காலையில இருந்தே ஓடுதுங்க."

"அப்ப நிறுத்தாம ஓட்டுங்க. தீவனத்தை எடுத்துடுங்க. நான் முடிச்சுட்டு வர்றேன்."

உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் போன். இந்த முறை குரல் உடைந்திருந்தது.

"மொதக் கொட்டாயில வுழுக ஆரம்பிச்சிருச்சுங்க டாக்டரம்மா. இங்க ரெண்டாவதுல வெண்ணந்தூரக்கா ஃபாகரை நிறுத்திப்போட்டாங்க. வால்வுகிட்ட நின்னுக்கிட்டு யாரையும் உட மாட்டேங்கறாங்க. படுதாவை வேற அருவாளால அறுத்துத் தள்றாங்க. சொன்னாக் கேக்கவே மாட்டேங்கறாங்க, நான் என்னங்க பண்ணட்டும்?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

"கோழி செத்தா அந்தம்மாவா வந்து பதில் சொல்வாங்க? அவங்களை வெளிய அனுப்பிட்டு ஃபாகரைப் போடுங்க. முப்பது வருஷமா நான் பாக்கறேன் குழந்தைவேலு, எனக்குத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பேச்சை முடித்தேன். கைதட்டினார்கள். ஒரு டம்ளர் மோரும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பண்ணையில் காரை நிறுத்திக் கதவைத் திறந்து இறங்கினேன். என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் பனித்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துப் போட்டேன், மறுபடி பனித்தது. சென்னைக்குப் போனால் காரிலிருந்து இறங்கும்போது இப்படி ஆகும். நாமக்கல்லில், மே மாத மதியத்தில், என் கண்ணாடி ஒருநாளும் பனித்ததில்லை. குளிர்ந்த கண்ணாடி சூடான காற்றில் பட்டால் பனிக்க வேண்டுமென்றால் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்க வேண்டும். அந்த ஈரத்தில் ஒரு கோழி எவ்வளவு இளைத்தாலும் சூடு வெளியே போகாது. அதற்கு மேல் நான் விடாமல் தண்ணீரைத் தூவச் சொல்லியிருக்கிறேன். கொட்டகைக்குள் போகும் முன்பே, கார்க் கதவைப் பிடித்தபடி நிற்கும்போதே, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கால் எடுத்து வைக்கப் பயமாக இருந்தது.

முதல் கொட்டகையில் ஃபாகர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் குளியலறைக்குள் நுழைந்த மாதிரி. நனைந்த படுதா சுற்றிலும் சுவர் மாதிரி நின்று, இருந்த கொஞ்சக் காற்றையும் அடைத்திருந்தது. கோழிகள் கொண்டை கறுத்து, கழுத்தை நீட்டிக் கூண்டுக் கம்பியில் சாய்ந்திருந்தன. குழந்தைவேலு சட்டையில்லாமல், நனைந்து, கை நிறைய இறந்த கோழிகளோடு ஓடிவந்தார். "சொன்னதையெல்லாம் பண்ணிட்டனுங்க டாக்டரம்மா, இன்னும் சாகுதுங்களே" என்றார். ஒரு குற்றச்சாட்டும் அந்தக் குரலில் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பக்கத்துக் கொட்டகைக்கு நடந்தேன். வாசலில், தண்ணீர்க் குழாய் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு வெண்ணந்தூரக்கா நின்றிருந்தார். மறு கையில் அரிவாள். படுதாவைக் கண்டபடி அறுத்திருக்கவில்லை. மேல்பாதியை விட்டுவைத்துக் கீழ்ப்பாதியை மட்டும் நேர்கோடாக வெட்டியிருந்தார். மேலே நிழல் இருந்தது, கூண்டு மட்டத்தில் காற்று போனது. உள்ளே கோழிகள் இளைத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நின்றுகொண்டு இளைத்தன.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றேன்.

என் கோபத்துக்குப் பயந்து தலைகுனிவார் என்று நினைத்தேன். அவர் தரையில் கிடந்த ஒரு சாக்குத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பிழிந்தால் சொட்டும், அவ்வளவு ஈரம்.

"இது காலையில ஏழு மணிக்கு நனைச்சு, ஃபாகர் படாம வெளிய போட்டதுங்க டாக்டரம்மா. அப்புறம் தண்ணியே காட்டல. இன்னும் அப்படியே இருக்குது பாருங்க. எங்கூர்ல தறிக்குப் போற பாவு நூலைத் தெருவுல இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவோமுங்க. சில நாளு வெயிலு அடிக்கும், ஆனாப் பாவு காயாது. கஞ்சி காயாம நூலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமுங்க. அந்த நாளையில தண்ணியே தொட மாட்டோம், காத்துக்கு உட்டுருவோம். இன்னைக்கு அந்த மாதிரி நாளுங்க. ஈரத்து மேல ஈரத்தை ஊத்துனா இதுக எப்படிங்க மூச்சு உடும்?"

உங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, வரைபடம் எல்லாம் போட்டு. அவர் ஒரு சாக்குத் துண்டில் சொல்லிமுடித்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், உங்களுக்கு முக்கியமான இடம் இதுதான். குழந்தைவேலு என் பின்னால் வந்து நின்றுவிட்டார். வடக்கிலிருந்து வந்த வேலையாட்கள் இரண்டு பேரும் நின்றார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் மூளையில் அப்போது ஓடியது என்ன தெரியுமா? ஃபாகரை நிறுத்த வேண்டும், ஆனால் நான் சொன்னது தவறு என்று தெரியாத மாதிரி நிறுத்த வழி இருக்கிறதா? இருந்தது. "இதுவரை ஓட்டினது போதும், இனி அடுத்த கட்டம்" என்று சொல்லியிருக்கலாம். குழந்தைவேலு நம்பியிருப்பார். வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் அடுத்த வருடம் இதேபோல ஒரு நாள் வரும்போது அவர் மறுபடியும் ஃபாகரைத்தான் முதலில் ஓட்டுவார் என்ற ஒரே நினைப்புதான் அதைத் தடுத்தது. நல்ல குணத்தால் தடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

"நான் சொன்னது தப்பு, குழந்தைவேலு" என்றேன். "அக்கா செஞ்சதுதான் சரி. மொதக் கொட்டாயில ஃபாகரை நிறுத்துங்க. அக்கா எப்படி அறுத்திருக்காங்களோ அதே மாதிரி அறுங்க. ஓடுங்க."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை விவரமாகச் சொல்லப் போவதில்லை. செய்ய வேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவைதான். வீட்டில் இருந்தது, அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கடன் வாங்கியது என்று கிடைத்த மின்விசிறியையெல்லாம் வைத்தோம். மொட்டை வெயிலில் நின்ற தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடந்தது, குழாயைத் திறந்து அதை வெளியேற்றி, புதுத் தண்ணீர் பிடித்து ஐஸ் கட்டி போட்டோம். கூண்டு வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து கோழிகளை எழுப்பிவிட்டோம். இரண்டு கொட்டகையிலும் அக்காதான் முன்னால் நடந்தார். எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று புறங்கையை நீட்டிப் பார்த்துச் சொல்வார், நான் விசிறியைத் திருப்பச் சொல்வேன். என் தொழில் வாழ்க்கையில் நான் உதவியாளராக வேலை செய்த ஒரே மதியம் அது. நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்குக் கிழக்கேயிருந்து கொஞ்சம் காற்று கிளம்பியது. சாவது நின்றது. முதல் கொட்டகையில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. இரண்டாவதில் இறந்தவை இரண்டு கூடைக்குள் அடங்கின. குழந்தைவேலு இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, முதல் கொட்டகையைப் பார்த்து அழுதார். பிறகு இரண்டாவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "இது நிக்குதுங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

நான் ஒவ்வொரு கூண்டாகப் போய்க் கொண்டை நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, அந்தக் கோடிக் கூண்டு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பாவு நூலைச் சுத்திரட்டுமாங்க?" என்று பதில் வந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து இரண்டு கூண்டு தாண்டிவிட்டேன். பிறகுதான் திரும்பினேன். தூணில் சாய்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை. முட்டி மடங்கி அப்படியே சரிந்தார்.

பத்தாயிரம் கொண்டைகளின் நிறத்தை அன்றைக்கு நான் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து அதே காற்றில், சேலைக்கு மேல் சட்டையோடு, கோழியைவிட அதிகமாக நடந்த ஒரு மனுஷியின் முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை. எந்தக் காற்றில் கோழியின் ஈரம் வெளியே போகாதோ அதே காற்றில் மனிதனின் வியர்வையும் காயாது. இது எந்த சார்ட்டிலும் இல்லை. நான் எழுதிய எதிலும் வேலை செய்கிறவர்கள் இல்லை.

சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, விசிறிகள் எல்லாவற்றையும் அவர் பக்கம் திருப்பினோம். என் காரில் ஏ.சி.யை முழுதாக வைத்து, பின்னிருக்கையில் படுக்கவைத்து, குழந்தைவேலு ஓட்ட, பரமத்தி வேலூருக்குப் போனோம். பதினைந்து வருடம் லாரி ஓட்டியவர் கார் எப்படி ஓட்டுவார் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் உடனே படுக்கையில் போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். நீங்களும் டாக்டரா என்று கேட்டார். கோழி டாக்டர் என்றேன்.

அதன் பிறகு நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்ட்டுகளைக் கழற்றினேன். இன்றைக்கும் பழைய பழக்கத்தில் யாராவது போன் செய்தால், எத்தனை டிகிரி என்று கேட்பதில்லை. நனைத்த சாக்கு காய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்கிறேன். கொட்டகைக்குள் யார் நிற்கிறார்கள், எத்தனை மணியிலிருந்து நிற்கிறார்கள், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்கிறேன். பண்ணைக்காரர்களில் சிலருக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும். குழந்தைவேலு லாரிக்குத் திரும்பவில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அவர் பண்ணையில் யாரும் கொட்டகைக்குள் வேலை செய்வதில்லை, வேலையாட்கள் தங்கும் அறைகளில் இப்போது விசிறி ஓடுகிறது. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். படுதா எப்போது கட்டுவது, எப்போது தூக்குவது என்பது அவர் பொறுப்பு.

நான் முப்பது வருடத்தில் கற்றது எதுவும் வீண் இல்லை. ஆனால் அதைக் கற்றது வேறு ஒரு வானத்தின் கீழ். நீங்கள் கற்பதும் சில வருடங்களில் பழசாகும். அப்போது சரியானதைச் சொல்லப்போகிறவர் பட்டம் வாங்கியவராக இருக்க வேண்டும் என்று இல்லை. போனில் அவர் குரல் உங்களுக்குக் கேட்காமலும் போகலாம். நேரில் போங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அக்கா கண் விழித்தார். குழந்தைவேலு டீ வாங்கப் போயிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். அவர் முதலில் கேட்டது, "காத்து வருதுங்களா அங்க?" வருகிறது என்றேன். என்னால் அதற்கு மேல் மறைத்து வைக்க முடியவில்லை.

"அக்கா, உங்களை வெளிய அனுப்பச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க. ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு. எல்லாமே கேட்டுச்சுங்க."

கோழி செத்தால் அந்தம்மாவா வந்து பதில் சொல்வார்கள் என்று நான் கேட்டதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கேட்டுமா நகராம நின்னீங்க?" என்றேன்.

அவர் குளுக்கோஸ் ஏறாத கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார்.

"நீங்க அங்கிருந்து சொன்னீங்க, உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நேர்ல வந்து பாத்தா நீங்களே ஒத்துக்குவீங்கன்னு நெனச்சனுங்க. அதுவரைக்கும் வால்வை உடக்கூடாதுன்னுதான் நின்னனுங்க."